கணக்குப் புதிரும் பகுத்தறிவும்

(திருக்கடையூரில் நடந்த கூட்டத்தில் பேசியது)



என்னை இங்கு அழைத்த தோழர்கள், "இந்தத் தடவை பிள்ளைகளும் வருவார்கள், அவர்களுக்கும் ருசிப்படும்படியாக ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். ஆகவே இன்று விடுகதைக் கணக்குகளைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிய புத்தகங்களே எனக்கு உபாத்தியாயர்கள். அதனால் நான் சொல்லுவதை வேதவாக்காக எடுத்துக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சரியாயிருந்தால் வைத்துக் கொள்ளுங்கள். பிசகாயிருந்தால் தள்ளி விடுங்கள்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு புதிர். விடையைக் கூட்டம் முடியும்போதுதான் சொல்லுவேன். ஒருவன் காவிரிக் கரையில் நிற்கிறான். அவனிடம் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு. ஓடம் சிறியது. அவனோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் இல்லாத நேரம் புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் சேதமில்லாமல் அக்கரை சேர்க்க வேண்டும். எப்படி? யோசித்துக் கொண்டே இருங்கள்.

ஓணானும் பனைமரமும்

தோழர்களே! கணக்குப் புதிர் என்பது சீமையிலிருந்து கப்பலில் வந்த சரக்கல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்கள் நம் நாட்டவர்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, மா என்றால் 20-இல் ஒரு பங்கு என்று பின்னத்துக்கே தனித்தனிப் பேர் வைத்தவர்கள். காரிநாயனார் செய்த 'கணக்கதிகாரம்' என்னும் நூலில் நெல், பொன், நிலம் இவற்றின் கணக்குகளோடு விடுகதைக் கணக்குகளும் இருக்கின்றன. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? சேரியில் பிறந்தவனுக்கும், பெண்ணாய்ப் பிறந்தவளுக்கும் அந்தத் திண்ணையில் இடமிருந்ததா? இதையும் நினைவில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

கணக்கதிகாரப் புதிர் ஒன்று. முப்பத்திரண்டு முழம் உயரமுள்ள பனைமரம். ஓர் ஓணான் ஒரு நாளில் ஒரு சாண் ஏறி, நாலு விரல் சறுக்கி விடுகிறது. எத்தனை நாளில் உச்சி சேரும்? சாணுக்குப் பன்னிரண்டு விரல், முழத்துக்கு இரண்டு சாண். ஆக மரம் 768 விரல். நாள் ஒன்றுக்கு மிச்சம் எட்டு விரல். 768-ஐ எட்டால் வகுத்தால் 96 நாள். வழக்கமாகச் சொல்லும் விடை இதுதான். விடை சரியே. ஆனால் வழி சரிதானா?

மரத்தின் உயரத்தை 28 விரல் என்று வைத்துக் கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் மூன்றரை நாள். ஆனால் ஓணானைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் நாள் பன்னிரண்டு ஏறி எட்டில் நிற்கிறது. இரண்டாம் நாள் இருபது தொட்டுப் பதினாறில் நிற்கிறது. மூன்றாம் நாள் பதினாறோடு பன்னிரண்டு ஏறி இருபத்தெட்டைத் தொட்டு விட்டது! உச்சி சேர்ந்த பிறகு சறுக்கினால் என்ன, சறுக்காவிட்டால் என்ன? மூன்று நாளில் காரியம் முடிந்தது. வகுத்தவன் மூன்றரை என்கிறான். கூட நடந்து பார்த்தவன் மூன்று என்கிறான்.

768 விரல் மரத்தில் இரண்டு வழியும் தற்செயலாக ஒரே விடையில் முடிகின்றன. தொண்ணூற்றைந்தாம் நாள் முடிவில் ஓணான் 760-இல் நிற்கும், மறுநாள் உச்சி. அதனால் பிசகு வெளியே தெரியவில்லை. தோழர்களே! விடை பலித்ததனாலேயே வழி சரியென்று நம்பி விடக் கூடாது என்பதற்கு இந்த ஓணானைவிட நல்ல உபாத்தியாயர் வேண்டுமா?

பாட்டில் இருந்தால் போதுமா?

இன்னொன்று. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண அந்நூல் ஒரு வழி சொல்லுகிறது. காம்பின் அருகிலுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அருகில்' என்றால் எத்தனை விரற்கடை? நீங்கள் எண்பது எண்ணுவீர்கள். நான் நூற்றிருபது எண்ணுவேன். அதோடு, பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் அடையாளம். மகரந்தம் சேர்ந்த பூ மட்டுமே சுளையாகும். சேராதது வெறும் சடையாய்ப் போகும். உள்ளே எத்தனை பூவில் மகரந்தம் சேர்ந்தது என்பது காம்புப் பக்கத்து முள்ளுக்கு எப்படித் தெரியும்? பாட்டை ஒப்புவிப்பதை விடப் பழத்தை அறுத்து எண்ணுவது சுலபம். எண்ணி முடித்தால் தின்னவும் செய்யலாம்.

மற்றொரு வாய்பாட்டை இப்பொழுது பலர் பெருமையோடு சொல்லிக் கொண்டு திரிகிறார்கள். நீள் சதுரத்தின் குறுக்கு நீளம் காண வேண்டுமானால், நீளத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளி, மீதியோடு அகலத்தில் பாதியைக் கூட்ட வேண்டுமாம். "பிதாகரஸ் என்ற கிரேக்கனுக்கு முன்பே தமிழன் கண்டான்; வர்க்கமூலம் கூடத் தேவையில்லை" என்கிறார்கள். எனக்கும் தமிழன் பெருமை கசக்காது. சோதித்துப் பார்ப்போம்.

நாலுக்கு மூன்று: நாலில் எட்டில் ஒன்று போக மூன்றரை, அதோடு ஒன்றரை, ஐந்து. சரி! பன்னிரண்டுக்கு ஐந்து: பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அதுவும் சரி! இரண்டு தடவை பலித்ததும் கை தட்டி விடுகிறோம். மூன்றாவதாக, எட்டடிக்கு எட்டடிச் சதுர அறை. எட்டில் ஒன்று போக ஏழு, அதோடு நாலு, பதினொன்று. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. ஆனால் எட்டெட்டு அறுபத்து நாலும் எட்டெட்டு அறுபத்து நாலும் சேர்ந்து 128 அல்லவா வரவேண்டும்? உண்மையான நீளம் பதினோரடிக்கு மேல் ஏறக்குறைய நாலு அங்குலம். அந்த அளவை நம்பிக் குறுக்குச் சட்டம் அறுத்தால் நாலு அங்குலம் போதாமல் நிற்கும். அவசரத்துக்கு ஒரு கிட்டக் கணக்காக அது உதவலாம், சட்டமாகாது. நம்முடையது என்பதற்காகப் பிசகு சரியாகி விடாது. அயலானுடையது என்பதற்காகச் சரி பிசகாகி விடாது. இதுதான் கணக்கின் நேர்மை.

சாமியார் கொடுத்த மாடு

ஒரு கிழவர் சாகும்போது பதினேழு மாடுகளை விட்டு, மூத்தவனுக்குப் பாதி, நடுப்பிள்ளைக்கு மூன்றில் ஒன்று, கடைசிப் பிள்ளைக்கு ஒன்பதில் ஒன்று என்று சொல்லி விட்டுப் போனார். பதினேழில் பாதி எப்படி? மாட்டை வெட்டுவதா? அப்பொழுது ஒரு சாமியார் தம் மாட்டையும் கூடச் சேர்த்துப் பதினெட்டாக்கினார். மூத்தவனுக்கு ஒன்பது, நடுவனுக்கு ஆறு, இளையவனுக்கு இரண்டு. கூட்டினால் பதினேழு. மிச்சம் நின்ற தம் மாட்டைச் சாமியார் ஓட்டிக் கொண்டு போனார். ஒட்டகம் என்று வேறு நாட்டில் சொல்லும் இந்தக் கதையை நம் ஊரில் மாடாக்கிச் சொல்லி, "பார்த்தாயா மகானின் மகிமையை!" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள்.

மகிமை எங்கே இருக்கிறது? பாதியையும், மூன்றில் ஒன்றையும், ஒன்பதில் ஒன்றையும் கூட்டிப் பாருங்கள். பதினெட்டில் ஒன்பது, ஆறு, இரண்டு. ஆகப் பதினெட்டில் பதினேழு பங்குதான். முழுசு வரவில்லை! கிழவர் சொத்தில் பதினெட்டில் ஒரு பங்கை யாருக்கும் எழுதாமலே கண்ணை மூடினார். அந்த ஓட்டைதான் சாமியாரின் மாடு நுழைந்து வெளியேறிய வாசல். மனிதன் கணக்கில் செய்த பிசகை மறைத்து அற்புதம் என்று பேர் வைப்பது இப்படித்தான்.

காணாமற் போன பத்து ரூபாய்

இந்த ஊருக்கு அறுபதாம் கலியாணத்துக்கு வந்த மூன்று பேர் ஒரு விடுதியில் அறை எடுத்தார்கள். ஆளுக்கு நூறாக முந்நூறு கொடுத்தார்கள். கணக்கர் பார்த்தால் வாடகை இருநூற்றைம்பதுதான். ஐம்பதைப் பையனிடம் கொடுத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பையன் இருபதைத் தன் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு ஆளுக்குப் பத்தாக முப்பது கொடுத்தான். ஆக ஒவ்வொருவரும் கொடுத்தது தொண்ணூறு. மூன்று பேரும் 270. பையனிடம் 20. கூட்டினால் 290. மீதிப் பத்து எங்கே?

எங்கும் போகவில்லை. கூட்டியதே பிசகு. பையன் எடுத்த இருபது அந்த 270-க்கு உள்ளேயே இருக்கிறது: வாடகை 250, திருட்டு 20. இருபதை 270-இலிருந்து கழிக்க வேண்டுமே தவிரக் கூட்டக் கூடாது. வந்தவர்கள் கைக்குத் திரும்பிய முப்பதைக் கூட்டினால் முந்நூறு சரியாகும். நம் கையிலிருந்து போன பணத்துக்குள்ளேயே திருடன் பங்கும் ஒளிந்திருக்கிறது என்பதை மறக்கச் செய்து, இல்லாத பத்து ரூபாயைத் தேட விடுவதுதான் எல்லா மோசக் கணக்குக்கும் தந்திரம்.

"ஆறு பேரைச் சேர்த்தால் போதும்"

இனி விளையாட்டல்லாத புதிருக்கு வருகிறேன். "நீ பணம் கட்டு. ஆறு பேரைச் சேர்த்து விடு. அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். நீ வீட்டில் படுத்திருந்தாலும் பணம் வந்து விழும்" என்று கைப்பேசியில் செய்தி வருகிறது, சொந்தக்காரனும் வந்து சொல்லுகிறான். இது பலிக்குமா? பஞ்சாங்கம் வேண்டாம், பெருக்கல் வாய்பாடு போதும்.

ஒன்று, ஆறு, முப்பத்தாறு, 216, 1,296, 7,776, 46,656... இப்படிப் பத்துப் படி இறங்கினால் பத்தாம் படியில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். மேற்படிகளையும் சேர்த்தால் 7,25,59,411 பேர். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தை முதல் தொண்டு கிழம் வரை இருந்தவர்கள் 7,21,47,030 பேர்தான்! பத்தே படியில் நாடு தீர்ந்து போயிற்று. பதினோராம் படிக்கு யாரைச் சேர்ப்பது? எந்தப் படியில் நின்றாலும் மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்குப் பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்கள் கட்டிய பணம்தான் மேலே உள்ளவனின் லாபம். இவ்விதப் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து 1978-லேயே சட்டம் வந்து விட்டது. சட்டம் இருந்தும் ஜனங்கள் விழுவதேன்? ஆறை ஆறால் பத்துத் தடவை பெருக்கிப் பார்க்கும் பொறுமை இல்லாததனால்தான்.

இரண்டு வட்டியா, மூன்றரை வட்டியா?

இப்பொழுது சொல்லப் போவது என் வீட்டுக் கதை. நான் எட்டாவதை விட்ட வருஷம் என் தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. என் தகப்பனார் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலிக்காரர். ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினார். மாதம் நூற்றிருபதாகப் பத்து மாதம் கட்ட வேண்டும். "ஆயிரத்துக்குப் பத்து மாதத்தில் இருநூறு வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். இரண்டு வட்டிதானப்பா, ஊரில் யார் கொடுப்பார்?" என்றார் அவர். என் தகப்பனார் கும்பிட்டு வாங்கி வந்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்துக் கொண்டு நோட்டில் எழுதினேன். ஆயிரமும் நம் கையில் எத்தனை மாதம் இருந்தது? ஒரே மாதம்! அசலில் மாதம் நூறு கழிகிறது. இரண்டாம் மாதம் நம்மிடம் இருப்பது தொள்ளாயிரம். மூன்றாம் மாதம் எண்ணூறு. பத்தாம் மாதம் வெறும் நூறு. பத்து, ஒன்பது, எட்டு என்று ஒன்று வரைக்கும் கூட்டினால் ஐம்பத்தைந்து. அதாவது ஒரு நூறு ரூபாயை ஐம்பத்தைந்து மாதம் வைத்திருந்ததற்குச் சமம். அதற்கு வட்டி இருநூறு. வகுத்தால் நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய்க்கு மேலேயே வருகிறது. கழிவை மாதா மாதம் இன்னும் நுட்பமாகப் பிரித்துப் போட்டாலும் ஏறக்குறைய மூன்றரையில்தான் வந்து நிற்கும். வாயில் சொன்னது இரண்டு, வாங்கியது மூன்றரை. வருஷத்துக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்!

காலையில் தகப்பனாரிடம் சொன்னேன். "போடா, அவங்க படிச்சவங்க, தப்பா எழுதுவாங்களா?" என்றார். விடாமல் நச்சரித்து அழைத்துப் போய்க் கடன் கொடுத்தவரிடமே நோட்டைக் காட்டினேன். அவர் பார்த்தார், சிரித்தார். "கணக்கு சரிதான் தம்பி. ஆனா பணம் என்னுது" என்றார். பத்து மாதமும் கட்டித்தான் தீர்த்தோம். கணக்குத் தெரிந்ததனால் எங்கள் கடன் தீர்ந்து விட்டதென்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு என் தகப்பனார் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் போட்டுப் பாரு" என்று சொல்லலானார். அதுவரையில் கணக்கு என்பது எழுதுகிறவனுக்குச் சொந்தம், கட்டுகிறவனுக்கு விதி என்று நினைத்திருந்த மனிதர் அவர். கர்ணம் உத்தியோகம் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்து வந்தது; அந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் 1980-இல்தான் ஒழிந்தது. அது ஒழிந்து விட்டது. ஆனால் ஏட்டைக் கண்டால் பயப்படுகிற புத்தி ஒழிந்ததா? இன்று வாரா வாரம் குழுக்கடன் கட்டுகிற தாய்மார்களே! உங்கள் கடன் அட்டையை எடுத்து இதே மாதிரி கூட்டிப் பாருங்கள். "கழிந்து வரும் அசலுக்கு வட்டி எவ்வளவு?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். அதற்கு விடை சொல்லாதவனிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறுபது எங்கிருந்து வந்தது?

திருக்கடையூருக்கு வந்து விட்டு அறுபதைப் பற்றிப் பேசாமல் போனால் ஊர் என்னைச் சும்மா விடாது. இரண்டு மணிகள். ஒன்று பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்கும். மற்றது முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்கும். இப்பொழுது சேர்ந்து அடித்தன. மறுபடி எப்பொழுது சேரும்? அறுபது நிமிஷத்தில். வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். சனிக்கு ஏறக்குறைய முப்பது வருஷம். ஆக அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வருகின்றன. வானத்தைப் பார்த்துப் பெருக்கத் தெரிந்த எவனும் சொல்லக் கூடிய எண் இது. இதில் எமனுக்கு என்ன வேலை?

இந்த அறுபது வருஷப் பேர்களிலும் ஒரு புதிர் உண்டு. குரோதி வருஷத்தில் எழுதிய பத்திரம் என்றால் எது? 1904-ஆ, 1964-ஆ, 2024-ஆ? மூன்றுக்கும் பேர் ஒன்றே! எத்தனையாவது சுற்று என்று சொல்லாத கணக்கு, வீட்டு நம்பர் இல்லாத விலாசத்தைப் போன்றது.

சரி, அறுபதாம் கலியாணம் செய்து கொண்டால் ஆயுள் கூடுமென்கிறார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "தம்பி, நான் அறுபதுக்கும் வந்தேன், எண்பதுக்கும் வந்திருக்கேன். இதைவிடச் சாட்சி வேணுமா?" என்றார். அவர் நூறு வயது வாழட்டும், எனக்குப் பொறாமையில்லை. ஆனால் புதிர் இதுதான்: அறுபதுக்கு வந்து எழுபதுக்குள் போய் விட்டவர், எண்பதாம் கலியாணத்துக்கு வந்து "எனக்குப் பலிக்கவில்லை" என்று சாட்சி சொல்ல முடியுமா? இங்கே வராமலே எண்பதைத் தாண்டியவர்களை யார் எண்ணினார்கள்? கிரேக்க தேசத்தில் டயாகோரஸ் என்ற நாத்திகரிடம், கடவுளுக்கு நேர்ந்து கொண்டு புயலில் தப்பியவர்களின் படங்களைக் கோயிலில் காட்டினார்களாம். "நேர்ந்து கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படம் எங்கே?" என்று அவர் கேட்டாராம். சிசரோ என்ற ரோமாபுரிக்காரர் எழுதி வைத்திருக்கிறார். கடற்கரை ஜனங்களாகிய நமக்கு, 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமக்கு, அந்தக் கேள்வியின் கனம் தெரியாதா?

இன்னொரு எண்ணும் சொல்லுகிறேன். 1947 வாக்கில் இந்த நாட்டு மனிதனின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வருஷம் அளவில்தான் இருந்தது. இன்று எழுபது அளவில் இருக்கிறது. கோயில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறியது எது? அம்மைக் குத்தல், நல்ல தண்ணீர், பிரசவ ஆஸ்பத்திரி, மருந்து, பசியில்லாத வயிறு. அறுபதாம் கலியாணக் கூட்டம் பெருகியதற்கே காரணம் இவைதான். நன்றி செலுத்த வேண்டுமானால் ஊசி போட வீடு வீடாக நடந்த நர்சம்மாளுக்குச் செலுத்துங்கள்.

அமாவாசையில் நிலா

அமாவாசையைப் பௌர்ணமி என்று பட்டர் சொல்லி விட, அவரைக் காப்பாற்ற அம்மன் தன் காதணியை வானில் எறிந்து நிலாவாக்கினாள் என்ற கதையை எல்லோரும் அறிவீர்கள். பாட்டின் அழகைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. புதிராக மட்டும் எடுத்துக் கொள்ளுவோம். சந்திரன் ஊருக்கொன்றா, உலகத்துக்கு ஒன்றா? திருக்கடையூரில் தெரிந்த நிலா மாயவரத்தில் தெரியாதா? நடந்து போகிற தூரத்தில் தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக் கொண்டு, கப்பலுக்கு வானத்தைப் பார்த்து வழி கண்டு கொண்டிருந்தார்களே, அவர்கள் கண்ணில் படாமலா போகும்? ஒரு ஊர் மட்டும் கண்ட நிலா வானத்தில் எழுந்ததல்ல, வாயில் எழுந்தது.

நம்மவர்களுக்கு வானக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார் என்று வாரன் என்ற அதிகாரி எழுதியிருக்கிறார். தொடக்க நேரம் நாலு நிமிஷந்தான் வித்தியாசம்! ஆனால் முடிவு நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம் பிசகியது. வாய்பாடு மனப்பாடமாயிருந்தது, ஏன் அப்படி என்ற கேள்வி மட்டும் இல்லை. கேள்வி இல்லாததனால் பிசகைத் திருத்த வழியும் இல்லை.

கும்பகோணத்துப் பிள்ளை

கடைசியாக, நம் காவிரிக் கரையில் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். காலேஜ் பரீட்சையில் தேறாதவர். பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் பிடித்துக் கொண்டு தானே கற்றவர். 1914-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வீட்டு நம்பர். ஒரு வீட்டுக்கு இடப்புறத்து நம்பர்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து நம்பர்களின் கூட்டுத்தொகையும் சமம். ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள். அது எந்த வீடு? 288 வீட்டில் 204-ஆம் வீடு. இரு பக்கமும் 20,706. சின்னத் தெருவில் பார்க்க வேண்டுமானால் எட்டு வீட்டில் ஆறாம் வீடு: ஒன்று முதல் ஐந்து வரை பதினைந்து, ஏழும் எட்டும் பதினைந்து. இராமானுஜன் அடுப்பில் காயைக் கிளறிக் கொண்டே அந்த ஒரு விடையை மட்டுமல்ல, இவ்விதத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் விடை தரும் ஒரு தொடர் பின்னத்தையே சொன்னார்.

அவர் நாமகிரித் தாயார் கனவில் சொல்லுவதாக நம்பியவர். அதையே பிடித்துக் கொண்டு நம்மிடம் வாதத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் எழுதியனுப்பியதில் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தப்பு என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டார்கள். எஞ்சியவை நின்றது எதனால்? தாயார் சொன்னாள் என்பதனாலா? இல்லை, நிரூபணம் இருந்ததனால். ஹார்டி அவருடைய ஜாதியைக் கேட்கவில்லை, பட்டத்தைக் கேட்கவில்லை; "எப்படி?" என்று ஒன்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன் பெரியவன் சின்னவன் இல்லை. 32 வயதில், 1920-இல் மாண்டு போன அந்தப் பிள்ளையைப் போல் எத்தனை பிள்ளைகள் திண்ணையில் இடமில்லாமல் மாடு மேய்த்து மடிந்தார்களோ, அந்தக் கணக்கை யார் போடுவது?

ஓடக்காரன் விடை

பிள்ளைகளே! புலி, ஆடு, புல்லுக்கட்டு என்னவாயிற்று? அதோ, ஒரு பெண் கையைத் தூக்குகிறாள். சொல்லம்மா... சபாஷ்! கேட்டீர்களா? முதலில் ஆட்டை அக்கரை சேர்க்க வேண்டும். தனியே திரும்பிப் புல்லைக் கொண்டு போக வேண்டும். வரும்போது ஆட்டைத் திரும்ப இக்கரைக்கே கொண்டு வந்து விட்டு, புலியைக் கொண்டு போய்ப் புல்லோடு விட வேண்டும். கடைசியில் தனியே வந்து ஆட்டை ஏற்ற வேண்டும். ஏழு தடவை ஓடம் போகும்.

பெரியவர்கள் இதில் எங்கே முட்டிக் கொள்ளுகிறார்கள் தெரியுமா? கொண்டு போய்ச் சேர்த்த ஆட்டைத் திரும்பக் கொண்டு வருவதென்பது அவர்கள் மனதில் தோன்றுவதேயில்லை. செய்ததைத் திருப்பிச் செய்வது அவமானம் என்று நினைக்கிறார்கள். "நான் நம்பியது பிசகு; திரும்பி வருகிறேன்" என்று சொல்லத் துணிந்தவன்தான் ஆற்றைக் கடக்கிறான். அந்தத் துணிவு அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. நமக்கும் வரட்டும்.

ஆகவே தோழர்களே! வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் ஒரு புதிர் போடுங்கள். அவர்கள் "ஏன்?" என்று திருப்பிக் கேட்டால் அதட்டாதீர்கள். பிறகு உங்கள் கடன் சீட்டை அவர்கள் கையில் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள்.